பிசியோதெரபி மாணவர்கள் வீட்டுக்குள் வர வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். பிசியோதெரபி மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறவன் நான். அரசு ஏடுகளில் இதற்கு இயன்முறை மருத்துவம் என்று பெயர். பக்கவாதம் வந்து கை கால் விழுந்தவர்கள், தோள்பட்டை இறுகியவர்கள், நடக்கத் தாமதமாகும் குழந்தைகள் என்று உங்கள் தெருவிலேயே யாராவது இந்தச் சிகிச்சை எடுத்திருப்பார்கள்.

என் கவலை ஒன்றுதான். நம் மாணவர்களை ஆஸ்பத்திரிக்கு மட்டுமே தயார் செய்கிறோம். பக்கவாதம் வந்தவர் ஆஸ்பத்திரியில் இருப்பது சில நாட்கள். அப்புறம் மாதக்கணக்கில் வீட்டில்தான். ஆஸ்பத்திரியில் பிடித்து நடக்க இரண்டு பக்கமும் கம்பி இருக்கும், தரை சமமாக இருக்கும். வீட்டில்? தரையில் பாய், உயரமான வாசல்படி, கொல்லையில் குத்தவைத்து உட்காரும் கழிப்பறை. மாணவர் படித்தது ஓர் இடத்துக்கு, வேலை செய்யப் போவது வேறோர் இடத்தில்.

இன்டர்ன்ஷிப்பில் இருந்த ஒரு மாணவரோடு கிராமத்து வீடு ஒன்றுக்குப் போயிருந்தேன். பெரியவருக்கு இடது பக்கம் பாதிப்பு. மாணவர் கையில் பயிற்சித் தாள் தயாராக இருந்தது. முதலில் அவரிடம் கேள் என்றேன். "ஐயா, உங்களுக்கு முதல்ல என்ன செய்யணும்னு இருக்கு?" என்று கேட்டார். பெரியவர் யோசிக்கவே இல்லை. "தெருமுனை டீக்கடைக்குப் போய்ப் பேப்பர் பாக்கணும் தம்பி. யாரும் புடிக்காம நானே போகணும்."

சரி, டீக்கடைக்குப் போக வேண்டுமென்றால் திண்ணையிலிருந்து மூன்று படி இறங்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பாதித்த கால் முதலில். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாருக்காவது பயன்படும், இன்னொரு முறை சொல்கிறேன்: ஏறும்போது நல்ல கால், இறங்கும்போது பாதித்த கால். இது மாணவருக்கு மனப்பாடம். பிடித்துக்கொள்ள வலது பக்கம் ஒரு சவுக்குக் கட்டை நட்டுவிடலாம் என்றார். வலது கைதான் நல்ல கை, சரிதானே?

பெரியவரின் மனைவி அதுவரை சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இறங்கிப் போயிருவாரு. திரும்பி ஏறி வரும்போது அந்தக் கட்டை இடது பக்கமால்ல வரும்? எந்தக் கையால புடிப்பாரு?" என்று கேட்டார். எவ்வளவு சரியான கேள்வி! இரண்டு பக்கமும் கட்டை நடப்பட்டது. பக்கத்துத் தெரு ஆசாரி வந்து நட்டார். உயரமான கீழ்ப்படிக்கு முன்னால் ஒரு சிமெண்ட் கல்லைப் பதித்து அதை இரண்டு படியாக்கினார். பயிற்சித் தாளில் இருந்ததும் வேண்டியதுதான். ஆனால் பெரியவர் டீக்கடைக்குப் போனது அந்தக் கட்டைகளைப் பிடித்து இறங்கித்தான். வீட்டிலிருப்பவர்களைப் பேசவிட்டுக் கேட்பது ஒரு திறமை. வீட்டுக்குள் போய்ப் பழகினால்தான் அது வரும்.

2021-இல் பிசியோதெரபி மாதிரி மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கென்று மத்திய அரசு தனிச் சட்டம் கொண்டு வந்தது. இந்தப் பட்டப் படிப்புகளுக்குக் குறைந்தது 3,600 மணி நேரக் கல்வி வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். நல்லது. அதில் கணிசமான மணி நேரம் நோயாளியின் வீட்டில் கழிய வேண்டும் என்று நான் கேட்கிறேன். அதே ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. திட்டம் வீட்டுக்குப் போய்விட்டது, பாடத்திட்டமும் போக வேண்டும்.

அடுத்தது பணம். எல்லோருக்கும் அரசு வேலை கிடைக்காது. பலர் சின்ன ஊரில் ஓர் அறை எடுத்துத் தொழில் தொடங்குவார்கள், வீடுகளுக்கும் போவார்கள். "எவ்வளவு தரணும் தம்பி?" என்று கேட்டால், "நீங்க பாத்துக் குடுங்க" என்று தலையைச் சொறிவார்கள். இது இருவருக்கும் நல்லதல்ல. ஒரு சிட்டிங்குக்கு, அதாவது ஒரு தடவை சிகிச்சைக்கு, இவ்வளவு, ஏறத்தாழ இத்தனை சிட்டிங் ஆகும் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். போய்வரும் நேரமும் பெட்ரோலும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். வீட்டாருக்கே பயிற்சியைக் கற்றுக் கொடுத்தால் வருமானம் போய்விடுமே என்று மாணவர்கள் கேட்கிறார்கள். போகாது. குணமானவர் வீட்டிலிருந்துதான் அடுத்த நோயாளி வருகிறார்.

நேரம் முடியப்போகிறது என்று கை காட்டுகிறார்கள். சிறு தொழிலுக்குக் கிடைக்கும் பிணையில்லாத முத்ரா கடன், பேச்சுப் பயிற்சியாளர்களோடு சேர்ந்து அறை எடுப்பது பற்றியெல்லாம் பேச நினைத்திருந்தேன், முடியவில்லை. ஒன்று மட்டும். உங்கள் வீட்டில் யாரையாவது டிஸ்சார்ஜ் செய்தால், கிளம்பும் முன் பிசியோதெரபிஸ்டிடம் உங்கள் வீட்டு வாசலையும் கழிப்பறையையும் போனில் படமெடுத்துக் காட்டுங்கள். எப்படிப் பிடிக்க வேண்டும், எப்படி உட்கார வைக்க வேண்டும் என்று உங்களையே செய்துகாட்டச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.