பட்டியலைக் கீழிருந்து போடுங்கள்: அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ்

(திரையில்: காலியான எக்ஸெல் தாள். ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெயர்கள் விழுகின்றன: வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட், ஸ்வார்த்மோர், பொமோனா.)

வணக்கம். அமெரிக்காவில் லிபரல் ஆர்ட்ஸ் காலேஜில் சேர ஆசைப்படும் பிள்ளைகளின் முதல் பட்டியல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ரேங்கிங் பக்கத்தைத் திறந்து மேலிருந்து பத்துப் பெயரை எழுதிவிடுவார்கள். கடைசியில், யாரோ சொன்னார்கள் என்று, ‘சேஃப்டி’க்கு, அதாவது இடம் நிச்சயம் கிடைக்கும் என்று நம்பி, ஒன்றிரண்டு.

நாம் இன்றைக்கு அந்தக் கடைசி ஒன்றிரண்டில் இருந்துதான் ஆரம்பிக்கப் போகிறோம்.

அதற்கு முன்னால், இவை என்ன கல்லூரிகள் என்றே தெரியாமல் வந்திருப்பவர்களுக்காக ஒரு நிமிடம். எல்லாம், கலையும் அறிவியலும் கலந்து படிக்க வைக்கும் சின்னக் கல்லூரிகள். பெரும்பாலானவற்றில் 1,500 முதல் 2,500 பேர்தான் படிப்பார்கள். ஏறக்குறைய எல்லோரும் இளநிலை மாணவர்கள் என்பதால் வகுப்பெடுப்பதும் ஆய்வகத்தில் பக்கத்தில் நிற்பதும் பேராசிரியரே. வில்லியம்ஸில் டுடோரியல் என்று ஒரு வகுப்பு உண்டு: இரண்டு மாணவர்கள், ஒரு பேராசிரியர். ஒரு வாரம் நீங்கள் கட்டுரை எழுதி வர, உங்கள் ஜோடி அதைப் பிரித்து மேய்வார். அடுத்த வாரம் உங்கள் முறை. மேஜர், அதாவது முதன்மைப் பாடம், எதுவென்று இரண்டாம் ஆண்டு முடிவில் சொன்னால் போதும்.

‘பி.ஏ. படிக்கவா அவ்வளவு தூரம்?’ என்று கேட்கும் சித்தப்பாக்களுக்கு: இயற்பியலும் கணினி அறிவியலும் இதற்குள்தான் வருகின்றன. ஸ்வார்த்மோர், ஸ்மித், லஃபாயெட் போன்றவற்றில் இன்ஜினியரிங்கே இருக்கிறது. இன்டெல்லைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராபர்ட் நாய்ஸ் படித்தது, அயோவா மாநிலத்தில் சோளக்காட்டுக்கு நடுவே இருக்கும் கிரின்னெல் கல்லூரியில்.

வில்லியம்ஸ் நமக்கு அப்படியொன்றும் அந்நியமும் இல்லை. 1806-இல் அங்கே ஐந்து மாணவர்கள் இடிமழைக்கு ஒரு வைக்கோற்போரில் ஒதுங்கிப் பிரார்த்தனை செய்தார்கள். அதிலிருந்து முளைத்த அமெரிக்க மிஷன்தான் 1816-இல் யாழ்ப்பாணத்துக்கும் 1834-இல் மதுரைக்கும் ஆள் அனுப்பியது. வட்டுக்கோட்டை செமினரியும் மதுரை அமெரிக்கன் கல்லூரியும் அந்த வழியில் வந்தவை. சரி, பட்டியலுக்கு வருவோம்.

(திரையில்: தாள் மறுபடி காலியாகிறது.)

எனக்குத் தெரிந்த பையன் ஒருவன். நல்ல மார்க், கட்டுரையும் நன்றாக எழுதுவான். பன்னிரண்டு கல்லூரிக்குப் போட்டான், பத்தில் இடமில்லை. சேஃப்டி என்று குறித்து வைத்திருந்த இரண்டிலும் கிடைத்தது. போர்ட்டலைத் திறந்ததும் திரை முழுக்க வண்ணக் காகிதம் பறந்தது, அம்மா அதை வீடியோ எடுத்தார். கொஞ்சம் கீழே நகர்த்தினால் உதவித்தொகைக் கடிதம். கழித்துப் பார்த்தால் வருடத்துக்கு 58,000 டாலர் கட்ட வேண்டும். அப்பா கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் அதை நாலால் பெருக்கி, ரூபாயாக்கினார். ஏறக்குறைய இரண்டு கோடி. பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அந்த வீட்டில் அந்தக் கல்லூரிகளின் பெயரை யாரும் எடுக்கவில்லை.

அவன் பட்டியலில் சேஃப்டியே இருக்கவில்லை என்பதுதான் விஷயம். இடம் கிடைக்க வேண்டும், கட்டக்கூடிய தொகையாக இருக்க வேண்டும், கிடைத்தால் முகம் சுளிக்காமல் போக வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த வரிசைக்கு வேறு பெயர் வையுங்கள்.

ஆகவே தாளின் முதல் கட்டத்தில் ஒரு எண். வருடத்துக்கு வீட்டால் எவ்வளவு முடியும்? அப்பா அம்மாவோடு உட்கார்ந்து, கடன் எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று பிரித்தே எழுதுங்கள். பெயர் பெற்ற கல்லூரிகளில் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து முழு விலை இன்று வருடத்துக்கு 90,000 டாலரை ஒட்டி நிற்கிறது. முழு விலையையும் கட்டக்கூடிய குடும்பம் இந்த வீடியோவில் பாதியைத் தாண்டிப் போய்விடலாம். மற்றவர்களுக்குத்தான் இனி வருவது.

முதல் வகை, நீட்-பிளைண்ட். நம்ம ஊர் நீட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது ‘தேவை’ என்ற நீட். உங்களுக்குப் பண உதவி வேண்டுமா என்பதைப் பார்க்காமலே இடம் தருவது. அமெரிக்கர்களுக்கு இதைச் செய்யும் கல்லூரிகள் நிறைய. வெளிநாட்டவருக்கும் செய்பவற்றை விரல் விட்டு எண்ணலாம். லிபரல் ஆர்ட்ஸ் பக்கத்தில் ஆம்ஹெர்ஸ்டும் போடினும் அதில் உண்டு. இதைக் கேட்டதும் சந்தோஷப்பட்டு இரண்டையும் எழுதி வைப்பீர்கள். உலகமே அதைத்தான் செய்கிறது, அதனால் இரண்டுமே எட்டாத உயரம்தான்.

இரண்டாவது வகை, நீட்-அவேர். உதவி கேட்கிறீர்கள் என்பது முடிவைப் பாதிக்கும்; ஆனால் எடுத்துவிட்டால் முழுத் தேவையையும் ஈடுகட்டுவார்கள். வில்லியம்ஸ், ஸ்வார்த்மோர், கிரின்னெல், மெக்காலெஸ்டர், மவுன்ட் ஹோலியோக், பிரின் மார் எல்லாம் இங்கே. நீங்கள் எவ்வளவு அதிகம் கேட்கிறீர்களோ அவ்வளவு கடினம். வலைத்தளத்தில் போட்டிருக்கும் சேர்க்கை விகிதம் 40 சதவீதம் என்றாலும், முழு உதவி கேட்கும் இந்திய மாணவருக்கு அது 40 ஆக இருக்காது. பட்டியலில் ஒரு படி மேலே, கடினமானவற்றின் பக்கம், தூக்கி வையுங்கள்.

மூன்றாவது, மெரிட் உதவித்தொகை தருபவை. வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட், பொமோனா போன்ற உச்சிக் கல்லூரிகள் மார்க்குக்காக ஒரு டாலரும் தருவதில்லை. அதற்கு அடுத்த அடுக்குகளில் டெனிசன், ஊஸ்டர், லாரன்ஸ், நாக்ஸ் போன்றவை தருகின்றன. நல்ல மாணவரை ஈர்க்க அவர்களுக்கு அது ஒரு வழி. பட்டியலின் அடித்தளம் இங்கிருந்துதான் வரும்.

(திரையில்: தேடுபெட்டியில் ஒரு கல்லூரியின் பெயரோடு ‘காமன் டேட்டா செட்’. ஒரு பிடிஎஃப் திறக்கிறது.)

இப்போது இதைக் கவனியுங்கள். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் ஒரே படிவத்தை நிரப்பி வெளியிடுகின்றன. பெயர் காமன் டேட்டா செட். பார்க்க வருமான வரிப் படிவம் மாதிரி வறண்டு கிடக்கும், ஆனால் எந்த யூடியூபரும், நான் உட்பட, சொல்வதைவிட அதிகம் சொல்லும்.

நேராக எச்6 பகுதிக்குப் போங்கள். வெளிநாட்டு மாணவர்களில் எத்தனை பேருக்குக் கல்லூரி உதவி தந்தது, சராசரி எவ்வளவு என்று அங்கே இருக்கும். பிறகு பி2-க்கு வாருங்கள். மொத்த வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேர் என்று கிடைக்கும். உதாரணத்துக்கு, நானே போட்ட எண்கள்: மொத்தம் 200 பேர், உதவி பெறுபவர்கள் 170, சராசரி 65,000 டாலர், முழு விலை 88,000. அப்படியானால் உதவி பெறும் மாணவர் சராசரியாகக் கட்டுவது 23,000, சுமார் 20 லட்சம் ரூபாய். 200-இல் 20 பேருக்குத்தான் உதவி என்றால், அந்தக் கல்லூரி வெளிநாட்டவரிடம் பணத்தை எதிர்பார்க்கிறது என்று அர்த்தம். பிரோஷரில் எத்தனை நாட்டுக் கொடி பறந்தாலும் சரி.

அப்புறம் சி7. எதை எவ்வளவு முக்கியமாகப் பார்க்கிறார்கள் என்ற அட்டவணை. அதில் ‘விண்ணப்பதாரரின் ஆர்வம்’ என்று ஒரு வரி. அது முக்கியம் என்று குறித்திருந்தால், ஆன்லைன் கூட்டத்துக்கு வந்தீர்களா, மின்னஞ்சலைத் திறந்தீர்களா என்பதெல்லாம் கணக்கில் சேரலாம். கருதுவதில்லை என்று இருந்தால் அந்த நேரத்தைக் கட்டுரைக்குக் கொடுங்கள். எஸ்ஏடி என்ற சேர்க்கைத் தேர்வு பற்றி: போடின் 1969-இலேயே அதைக் கட்டாயத்திலிருந்து எடுத்துவிட்டது. பல கல்லூரிகள் பின்னால் அதைச் செய்தன, சில திரும்பக் கேட்கின்றன. அந்தந்தப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நம் வீடுகளில் யாரும் யோசிக்காதது. சின்னக் கல்லூரிகள் மூடவும் செய்கின்றன. 1868-இல் தொடங்கிய வெல்ஸ் கல்லூரியும் அலபாமாவின் பர்மிங்ஹாம்-சதர்னும் 2024-இல் மூடிவிட்டன. ஸ்வீட் பிரையர் 2015-இல் மூடுவதாக அறிவித்து, பழைய மாணவிகள் பணம் திரட்டிப் போராடியதால் பிழைத்தது. கேள்விப்படாத கல்லூரி திடீரென்று பெரிய தொகை தருகிறேன் என்றால், செய்தியில் அதன் பெயரைத் தேடிவிட்டு மேலே போங்கள்.

பணச் சல்லடையில் தேறியவற்றை வைத்துத்தான் ‘எனக்குப் பொருந்துமா’ என்ற கேள்வி. இங்கே ரேங்கிங் சுத்தமாக உதவாது. கொலராடோ காலேஜில் ஒரு நேரத்தில் ஒரே பாடம், மூன்றரை வாரத்தில் முடித்துவிட்டு அடுத்தது. ரீடில் கடைசி வருடம் எல்லோரும் ஆய்வேடு எழுதியாக வேண்டும். செயின்ட் ஜான்ஸில் மேஜரே இல்லை. ஹோமரிலும் யூக்ளிடிலும் தொடங்கி எல்லோரும் ஒரே புத்தகங்களைப் படித்து மேசையைச் சுற்றி உட்கார்ந்து விவாதிப்பார்கள். மெக்காலெஸ்டர் நகரத்துக்குள் இருக்கிறது. கிரின்னெலில் இருந்து எங்கே போகவும் வண்டி வேண்டும். பெண்கள் கல்லூரிகளை மாணவிகள் ஏனோ முதலிலேயே தள்ளிவிடுகிறார்கள். பிரின் மார் மாணவி பக்கத்து ஹேவர்ஃபோர்டில் வகுப்பு எடுக்கலாம். விண்ணப்பிப்பவர்களில் ஆண்கள் இல்லாததால் கூட்டமும் குறைவு. என் கணிப்பில், மாணவிகளுக்கு இதைவிட நல்ல பேரம் இந்தப் பட்டியலில் கிடையாது.

(திரையில்: தாளின் அடியிலிருந்து வரிசைகள் நிரம்புகின்றன.)

ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். உயிரியலும் எழுத்தும் பிடிக்கும், வீட்டால் வருடம் 22,000 டாலர் முடியும். எல்லாவற்றுக்கும் அடியில் சென்னையிலோ மதுரையிலோ அவள் சந்தோஷமாகப் போகக்கூடிய ஒரு கல்லூரி. அதுதான் உண்மையான சேஃப்டி. அதற்கு மேல் ஊஸ்டர், லாரன்ஸ், நாக்ஸ். இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம், தொகைதான் சந்தேகம். அதனால் விண்ணப்பிக்கும் முன்பே சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல்: ‘எங்களால் இவ்வளவுதான் முடியும், இந்த அளவுக்கு நீங்கள் உதவி தருவதுண்டா?’ கேட்பதில் வெட்கமே வேண்டாம், அவர்களுக்கு இது தினசரிக் கேள்வி. நடுவில் டெனிசன், டிக்கின்சன், மெக்காலெஸ்டர், மவுன்ட் ஹோலியோக், பிரின் மார். அதற்கு மேல் கிரின்னெல், போடின், ஆம்ஹெர்ஸ்ட். அமெரிக்காவில் பதினொன்று. பல கல்லூரிகளுக்கும் ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் காமன் ஆப் இருபது வரை அனுமதிக்கும், ஆனால் பிளஸ் டூ படித்துக்கொண்டே இருபது கல்லூரிக்குக் கட்டுரை எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டுக்கு மேல் வருவதெல்லாம் பெயரை மாற்றி ஒட்டிய கட்டுரை.

எர்லி டிசிஷன் என்ற முன்கூட்டிய விண்ணப்பத்தை ஒரு கல்லூரிக்குத்தான் போட முடியும், கிடைத்தால் போயே ஆக வேண்டும் என்ற ஒப்பந்தம் அது. கெடு பெரும்பாலும் நவம்பர் 1 அல்லது 15. உதவி போதவில்லை என்றால் விலகிக்கொள்ளலாம், ஆனால் வேறு கல்லூரியின் தொகையோடு ஒப்பிட்டுப் பேரம் பேச முடியாது. இந்த மாணவிக்கு அதை ஆம்ஹெர்ஸ்டில் போட்டுச் செலவழிப்பதைவிட பிரின் மாரில் போடுவதுதான் புத்திசாலித்தனம் என்பேன். அவள் வீட்டில் இதை ஒத்துக்கொள்ள ஒரு வாரச் சண்டை நடக்கும்.

கடைசியாக ஒரு சோதனை. ஒவ்வொரு வரிசைக்கும் நேராக, அங்கே ஏன் போக வேண்டும் என்று மூன்று வாக்கியம் எழுதுங்கள். ரேங்க், புகழ், வளாகத்தின் அழகு மூன்றும் வரக்கூடாது. எழுத வரவில்லை என்றால் வரிசையை அழித்துவிடுங்கள்.

(திரையில்: முதலில் இருந்த நான்கு பெயர்களும் மறுபடி வருகின்றன. பொமோனா மறைகிறது. ஸ்வார்த்மோர் மறைகிறது. வில்லியம்ஸ் மறைகிறது. ஆம்ஹெர்ஸ்ட் மட்டும் நிற்கிறது, கீழிருந்து எண்ணினால் பன்னிரண்டாவது வரிசையில்.)