கடைக்கு வராத ருசி

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டுத்தோட்டம் போட்டால் காய்கறிச் செலவு மிச்சமாகும் என்று பலரும் சொல்வார்கள். முதல் வருஷத்தில் அப்படி எதுவும் மிச்சமாகாது. வளர்ப்புப் பை, தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், விதை, பந்தலுக்குக் கம்பி என்று வாங்கிவிட்டு உட்கார்ந்து கணக்குப் போட்டால், பறித்த கத்தரிக்காயின் விலை கையைக் கடிக்கும். மாடித்தோட்டத்துக்கு வேண்டிய பொருள்கள் அடங்கிய தொகுப்புகளைத் தோட்டக்கலைத் துறை 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் தரத் தொடங்கியதற்கு இந்தச் செலவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் தோட்டம் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

சந்தைக்கு வரும் காய், மூட்டையில் அமுங்கி, லாரியில் குலுங்கி, கடையில் இரண்டு நாள் கிடந்தும் வாடாமல் இருக்க வேண்டும். தாங்காதது வியாபாரத்துக்கு ஆகாது. மூக்குத்தி அவரையைக் கடையில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள்? பேரில்தான் அவரை, உண்மையில் அது சர்க்கரைவள்ளியின் சொந்தக்காரி. சதைப்பற்றான காம்போடு பிஞ்சைப் பறித்துப் பொரியல் செய்தால் அவ்வளவு ருசி. வெண்டைக்காயும் அப்படித்தான். பூ வாடிய ஐந்தாறு நாளில் பறித்தால் பச்சையாகவே கடித்துத் தின்னலாம். அப்புறம் இரண்டு நாள் விட்டால் நார் ஏறிவிடும். கடைக்காரர் முறைக்க முறைக்க நுனியை ஒடித்துப் பார்க்கிற வேலை வீட்டுச் செடியில் இல்லை.

இன்னொரு லாபம், செடிகளின் நேரம் நமக்குப் பழகிவிடுவது. பரங்கிப்பூ விடியற்காலையில் விரியும். பீர்க்கு சாயங்காலம்தான் பூக்கும், அதைக் காலையில் தேடிப் பயனில்லை. உயரமான மாடிகளுக்குத் தேனீ அதிகம் வராது. பிஞ்சு வெம்பி வெம்பி உதிர்ந்தால், ஓர் ஆண் பூவைப் பறித்து, அடியில் குட்டிக் காய் வைத்திருக்கும் பெண் பூவில் மெதுவாகத் தடவிவிடுங்கள். காய் பிடித்துவிடும். ஆடியில் ஊன்றிய பந்தல் அவரையோ பொழுது குறுகும் வரை பூக்காது. பொறுமையில்லாமல் உரத்தைக் கொட்டினால் இலைதான் தழைக்கும்.

செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வரத்தான் செய்யும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரைய கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலம் தெளித்தால் போதும். அதற்கு முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். கறுப்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு ஒரு புழு ஊர்ந்தால் நசுக்கிவிடாதீர்கள். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் அது பொறிவண்டின் குஞ்சு, அசுவினியைத் தின்னத்தான் வந்திருக்கிறது. அது இருந்தால் மருந்தை நாலு நாள் தள்ளிப்போடலாம்.

விதைக்கு ஒரு காயைச் செடியிலேயே முற்ற விடுங்கள். நாட்டு ரகமாக இருந்தால்தான் இது சரிப்படும். கலப்பின விதையிலிருந்து எடுத்தால் தாய்ச்செடி போல வராது.

இடம் இல்லை என்பவர்கள் ஒரே ஒரு பையில் அரைக்கீரை தூவுங்கள். 25, 30 நாளில் அறுக்கலாம், அறுக்க அறுக்கத் துளிர்க்கும். பருப்பு வேகட்டும், அதற்குப் பிறகு மாடிக்குப் போய்ப் பறித்துக்கொள்ளலாம்.

நன்றி, வணக்கம்.