பேராயரம்மா மரியா யெப்சன்

(கோவையில் லுத்தரன் சபைப் பெண்கள் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமிருந்து காலையிலேயே பஸ் ஏறி வந்திருக்கும் அக்கா தங்கச்சிகளுக்கும், ஆயர்மார்களுக்கும் ஸ்தோத்திரம்.

1992 ஏப்ரல் 4. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் சினோது, அதாவது சபைப் பிரதிநிதிகள் மன்றம், ஓட்டுப் போட்டு மரியா யெப்சனைப் பேராயராகத் தெரிந்துகொண்டது. அப்போது அவருக்கு 47 வயது. மார்ட்டின் லூதர் வழி வந்த உலகத்து லுத்தரன் சபைகளில் பேராயரான முதல் பெண் அவர்தான்.

இதை அதிசயம் என்று சொல்லிவிட்டுப் போகாதீங்க. அந்த ஓட்டுக்கு முன்னால் சபைச் சட்டங்கள் ஒவ்வொன்றாக மாற வேண்டியிருந்தது. இறையியல் படித்த பெண்களுக்கு அங்கே வெகுகாலம் ஆயருக்குக் கீழான ஒரு தனிப் பதவிதான். கல்யாணம் ஆனால் அதையும் விட்டுவிட வேண்டும். ஜெர்மானிய மாநிலச் சபைகளில் கடைசியாக ஷாம்பர்க்-லிப்பே சபை பெண்களை ஆயராக்கும் குருப்பட்டம் கொடுத்தது 1991இல். யெப்சனோ 1972 முதலே ஆயர். அவர் கணவரும் ஆயர். கிராமத்துச் சபை, பிறகு ஹாம்பர்க்கின் ஹார்பர்க் பகுதியில் மேற்பார்வைப் பொறுப்பு, அதற்குப் பிறகுதான் பேராயர் பதவி. இருபது வருஷம்! பெண்ணுக்கு ஓய்வுநாள் பள்ளியும் ஆஸ்பத்திரி ஜெபமும் மட்டும் கொடுத்து, சேகரப் பொறுப்பை, அதாவது ஒரு வட்டாரச் சபையை நடத்தும் பொறுப்பை, கொடுக்காமல் வைத்திருந்தால், தேர்தல் நாளில் நிறுத்த ஆள் எங்கிருந்து வரும்?

பெண் ஆயராக, பேராயராக வேதம் இடம் தருமா என்பவர்களுக்கு, லுத்தரன் சபைகளின் அடிப்படை ஆவணமான நம் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையையே காட்டுங்க. 1530இல் எழுதியது. 14ஆம் பிரிவு, முறைப்படி அழைக்கப்படாதவர் சபையில் போதிக்கவோ, ஞானஸ்நானம், திருவிருந்து போன்ற சாக்கிரமந்து கொடுக்கவோ கூடாது என்கிறது. அங்கே கேட்பது அழைப்பு, ஆணா பெண்ணா என்பதல்ல. 28ஆம் பிரிவு, பேராயரின் அதிகாரம் சுவிசேஷம் சொல்வது, பாவமன்னிப்பு அறிவிப்பது, சாக்கிரமந்து நடத்துவது என்கிறது. பலவந்தமில்லாமல், வசனத்தால் மட்டும்.

ஹாம்பர்க் ஆயர்களின் உடையைப் பார்த்திருக்கிறீர்களா? கறுப்பு அங்கி, கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாய் வெள்ளைத் துணி வளையம். நம் வீட்டு விசேஷ வேட்டிபோலக் கஞ்சி போட்டால்தான் அந்த மடிப்பு நிற்கும். நூற்றாண்டுகளாய் ஆண்கள் கழுத்திலேயே இருந்தது அது.

அவர் பதவி விலகியதையும் சொல்லியாக வேண்டும். 2010 ஜூலை 16. அவர் பொறுப்பிலிருந்த பகுதியில் ஓர் ஆயர் முன்பு பிள்ளைகளிடம் முறைகேடாக நடந்த விவகாரம் வெளிவந்தது. 1999இலேயே பேராயருக்குத் தகவல் போனது என்றார்கள். தனக்கு அப்படிச் சொல்லப்படவில்லை என்றார் யெப்சன். என் நம்பகத்தன்மையில் சந்தேகம் வந்துவிட்டது, இனி வாக்குக்கொடுத்தபடி நற்செய்தியைச் சொல்ல முடியாது என்று விலகிவிட்டார். அந்த நேர்மை பெரிது. ஆனால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் வலி அதைவிடப் பெரிது.

ஆராதனை முடிந்து வாசலில் நின்று காதோடு சொல்லும் புகார் தொலைந்துபோகும். பத்து வருஷம் கழித்து யார் சொன்னது, யார் கேட்டது என்ற சண்டைதான் மிஞ்சும். ஆகவே ஒவ்வொரு சேகரத்திலும் பக்க எண் போட்ட நோட்டு ஒன்று வையுங்க. சொன்ன தேதி, சொன்னவர் வார்த்தை அப்படியே, வாங்கியவர் கையெழுத்து. நகல் ஒன்று சொன்னவர் கையிலேயே. குழந்தை சம்பந்தப்பட்டதென்றால் சபைக்குழு கூடும்வரை காத்திராமல் அன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போடுங்க. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்வது கடமை. அந்த நோட்டு ஆயர் வீட்டில் இருக்கக் கூடாது. ஆயர் மேலேயே புகார் வரலாம். பெண்கள் சங்கத்தில் இரண்டு பேர் பொறுப்பில் இருக்கட்டும்.