ஜெபம்பண்ணினோம், காவலும் வைத்தோம்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களுக்கும், எதிரணியின் அன்பு நண்பர்களுக்கும், பிரதிஷ்டைப் பண்டிகைக்காகக் கூடியிருக்கும் சபையாருக்கும் என் ஸ்தோத்திரம்.

விசுவாசியின் தேவைகளைச் சந்திப்பது ஜெபம் மட்டுமே என்பது எதிரணியின் வாதம். ஜெபத்தோடு சேர்ந்த உழைப்பே என்பது எங்கள் அணியின் வாதம். எனக்கு முன் பேசிய நண்பர் யாத்திராகமம் 14ஆம் அதிகாரத்தின் 14ஆம் வசனத்தை வாசித்தார். "கர்த்தர் உங்களுக்காக யுத்தம்பண்ணுவார், நீங்கள் சும்மாயிருப்பீர்கள்" என்பது செங்கடலின் முன் நின்ற இஸ்ரவேல் ஜனங்களுக்கு மோசே சொன்ன வார்த்தை. அதற்கு அடுத்த வசனத்தில் பேசுகிறவர் கர்த்தரே. "நீ என்னிடத்தில் முறையிடுகிறது என்ன? புறப்பட்டுப் போங்கள் என்று இஸ்ரவேல் புத்திரருக்குச் சொல்லு" என்கிறார். கடலைப் பிளந்தவர் கர்த்தர். அதில் எங்களுக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் பிளந்த கடலுக்குள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு, அந்த இரவில் நடந்து கரையேறியவர்கள் ஜனங்கள்.

கர்த்தர் வீட்டைக் கட்டாராகில் கட்டுகிறவர்களின் பிரயாசம் விருதா என்னும் 127ஆம் சங்கீதத்தையும் நண்பர் எடுத்துக்காட்டினார். அதை நாங்கள் முழுமனதோடு ஏற்கிறோம். அந்தச் சங்கீதத்திலும் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நகரத்தைக் காக்கிற காவலாளர் இருக்கிறார்கள். வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்று அது அவர்களிடம் சொல்லவில்லை.

எங்கள் வாதத்தின் முதுகெலும்பு நெகேமியாவின் புத்தகம். சூசான் அரண்மனையில் அர்தசஷ்டா ராஜாவின் பானபாத்திரக்காரனாக இருந்த நெகேமியா, எருசலேமின் அலங்கம், அதாவது நகரத்தின் மதில், இடிபட்டுக் கிடக்கிறது என்று கேட்டபோது உட்கார்ந்து அழுதார், உபவாசித்தார், மன்றாடினார். அது கிஸ்லேயு மாதம். ராஜாவின் முன் அவர் வாய் திறந்தது நிசான் மாதம். இடையில் ஏறக்குறைய நான்கு மாதங்கள் ஓடிவிட்டன. "நீ கேட்கிற காரியம் என்ன?" என்று ராஜா வினவிய அந்தக் கணத்திலும் அவர் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணினார் என்று வேதம் சொல்லுகிறது. அந்த ஜெபத்துக்குப் பின் அவர் என்ன கேட்டார் என்பதைக் கவனியுங்கள். திரும்பி வரும் காலத்தைக் குறித்துச் சொன்னார். நதிக்கு அப்புறத்து தேசாதிபதிகளுக்குக் கடிதம் கேட்டார். வாசல்களுக்கும் அலங்கத்துக்கும் வேண்டிய மரத்துக்காக, ராஜாவின் வனத்துக் காவலாளனாகிய ஆசாபுக்கும் ஒரு கடிதம் கேட்டார். வனத்துக் காவலாளனின் பெயர் வரை அவருக்குத் தெரிந்திருக்கிறது! அந்த நான்கு மாதங்களில் அவர் முழங்காலில் நின்றபடியே மரக்கணக்கும் பார்த்திருக்கிறார் என்றுதான் நான் இந்தப் பகுதியை வாசிக்கிறேன்.

எருசலேமுக்கு வந்து மூன்று நாளான பின்பு, ஒருவருக்கும் அறிவிக்காமல் இராத்திரியில் எழுந்து, சில பேரை மட்டும் கூட்டிக்கொண்டு, இடிந்த அலங்கத்தை அவர் சுற்றிப் பார்க்கிறார். ஓரிடத்தில் அவர் ஏறியிருந்த மிருகம் போவதற்கு வழியில்லாத அளவுக்கு இடிபாடு குவிந்து கிடக்கிறது. பின்பு அலங்கம் கட்டுவதை எதிர்த்த சன்பல்லாத்தும் தொபியாவும் நகரத்தின்மேல் யுத்தம்பண்ணத் திட்டமிட்டபோது, "எங்கள் தேவனை நோக்கி ஜெபம்பண்ணி, இரவும் பகலும் ஜாமங்காக்கிறவர்களை வைத்தோம்" என்று நான்காம் அதிகாரத்தின் 9ஆம் வசனத்தில் எழுதுகிறார். ஒரு கையில் வேலையும் மறு கையில் ஆயுதமுமாக நின்று கட்டினார்கள். தட்டார்கள் கட்டினார்கள், தைலக்காரர் கட்டினார்கள், சல்லூம் என்பவன் தன் குமாரத்திகளோடு கட்டினான். 52 நாளில் அலங்கம் முடிந்தது. இந்த வேலை தேவனால் கைகூடிவந்தது என்பதைச் சுற்றியிருந்த சத்துருக்களே உணர்ந்து கொண்டார்கள்.

எதிரணியினர் ஜார்ஜ் முல்லரைச் சொன்னார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1836இல் வாடகை வீட்டில் தொடங்கி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அநாதைப் பிள்ளைகளை வளர்த்தவர், மனிதரிடம் பணம் கேட்டதில்லை என்பது உண்மை. ஆனால் வந்த காணிக்கையைச் சிறு தொகை வரை கணக்கில் எழுதி ஆண்டறிக்கையாக வெளியிட்டவரும் அவரே. ஆஷ்லி டவுனில் ஐந்து பெரிய கட்டடங்களை எழுப்பியவரும் அவரே. பிள்ளைகளைப் படிக்கவைத்து, தொழிலில் சேர்த்துவிட்டுத்தான் வெளியே அனுப்பினார். அவருடைய ஜெபத்தைப் போற்றுகிற நாம் அவருடைய கணக்குப் புத்தகத்தையும் போற்ற வேண்டும்.

நம் மண்ணில் நடந்ததையும் சொல்ல வேண்டும். திண்டிவனத்தில் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க மிஷனரியின் மகளிடம் ஒரே இரவில் மூன்று பேர், பிரசவத்தில் தவிக்கும் தம் மனைவியருக்காக உதவி தேடி வந்தார்கள். மருத்துவரான தந்தை இருந்தும், ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவருமே மறுத்தார்கள். மருத்துவம் அறியாத ஐடாவால் போக இயலவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அவர் அறைக்குள் சென்று ஜெபித்தார். எழுந்து வந்து, அமெரிக்கா சென்று மருத்துவம் படிக்கப் போவதாகப் பெற்றோரிடம் சொன்னார். 1899இல் பட்டம் பெற்று, 1900இல் திரும்பினார். 1902இல் வேலூரில் மருத்துவமனை திறந்தார், 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியே தொடங்கினார். அந்த அறையில் ஏறெடுத்த ஜெபத்துக்குப் பதில் கல்லூரிப் படிப்பாகவும் கட்டடமாகவும் மாணவியராகவும் வந்தது.

என் பெரியம்மாவைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். அவர்களுக்குச் சர்க்கரை நோய். ஊசி போடுவது அவிசுவாசம் என்று ஒரு ஜெபக்கூட்டத்தில் சொன்னதைக் கேட்டு, இன்சுலினை நிறுத்திவிட்டார்கள். காலில் சிறு கொப்புளம் வந்து, புண்ணாகி, இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. இன்றும் விடியற்காலையில் எழுந்து ஜெபிக்கிறார்கள். ஊசியில் மருந்தை ஏற்றி, அளவுக்கோட்டைக் கண்ணருகே பிடித்துப் பார்த்து, கண்ணை மூடி "ஆண்டவரே, இதை ஆசீர்வதியும்" என்று சொல்லி, அதன் பிறகு போட்டுக்கொள்கிறார்கள்.

நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதுமுன் நெகேமியா 4ஆம் அதிகாரம் 9ஆம் வசனத்தை எதிரணியினரிடம் கொடுத்து, அதில் எந்தப் பாதியை அடிக்கலாம் என்று கேட்குமாறு பணிவோடு வேண்டி அமர்கிறேன். நன்றி.