சாத்தப்பாடிக்குக் கீழே ஒரு கடல்

எல்லோருக்கும் வணக்கம்.

ஆண்டிமடம், புவனகிரி, குடவாசல், நன்னிலம். கேட்டதும் பேருந்தின் பெயர்ப்பலகைதான் நமக்கு நினைவுக்கு வரும். எண்ணெய் தேடும் நிலவியலாளருக்கோ இவையெல்லாம் பாறைகள். காவிரிப் படுகையின் ஆழத்தில் கிடக்கும் அடுக்குகளுக்கு நம் ஊர்ப் பெயர்களையே வைத்திருக்கிறார்கள். பரங்கிப்பேட்டைக்கு மட்டும் அதன் போர்ச்சுகீசியப் பெயர் நிலைத்துவிட்டது, போர்ட்டோ நோவோ ஷேல் என்று. இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டது சாத்தப்பாடி ஷேல்.

ஷேல் என்றால் களிப்பாறை. அலை அடங்கிய நீரில் மெல்லப் படிந்த நுண்சேறு, மேலே ஏறிய பாரத்தில் இறுகித் தகடு தகடாகப் பிளக்கும் கல்லாகிறது.

கோண்டுவானா பெருங்கண்டம் உடைந்தபோது இந்தப் பகுதி விரிசல் விட்டுப் பள்ளமும் மேடுமாக இறங்கியது. முதலில் அந்தப் பள்ளங்களை நிரப்பிய மணலும் களியும்தான் ஆண்டிமடம் அடுக்கு. அதன்மேல் கடல் பரவியபோது படிந்தது சாத்தப்பாடி. காலம் ஆல்பியன், செனோமேனியன். அதாவது சுமார் 11 கோடி ஆண்டுகளிலிருந்து ஒன்பதரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை. அதற்கு மேலே புவனகிரி மணற்பாறை. அப்புறம் குடவாசல், நன்னிலம், போர்ட்டோ நோவோ என்று வரிசை ஏறிக்கொண்டே போகும். பள்ளங்களில் தடித்தும் மேடுகளில் மெலிந்தும் கிடப்பதால், எத்தனை மீட்டர் என்று ஒரே எண்ணில் சொல்ல முடியாது.

சரி, யாரும் நேரில் பார்க்காத பாறையைப் பற்றி இவ்வளவும் எப்படித் தெரிந்தது? எண்ணெய்க் கிணறு தோண்டும்போது உள்ளே செலுத்தும் சேற்றோடு மேலே வரும் பாறைத் துணுக்குகளைக் கழுவி, நுண்ணோக்கியில் வைத்து ஃபோராமினிஃபெரா ஓடுகளைத் தேடுவார்கள். ஒற்றைச் செல் உயிரிகளின் ஓடுகள் அவை. இதில் ஒரு சிக்கல் உண்டு. துளையின் சுவரிலிருந்து மேலடுக்குத் துணுக்குகளும் உதிர்ந்து கலந்துவிடும். இளைய உயிரியின் ஓடு ஆழத்துச் சேற்றிலும் தலைகாட்டும். அதனால் கீழே போகப் போக ஓர் இனத்தின் ஓடு எந்த ஆழத்தோடு நின்றுபோகிறது என்று தேடுவதில் பயனில்லை. தோண்டிக்கொண்டு இறங்கும்போது அது முதலில் எந்த ஆழத்தில் தென்படுகிறது என்பதைத்தான் நம்புவார்கள். அந்த ஆழத்துப் பாறை படிந்த காலம்தான் அந்த இனம் பூமியிலிருந்து மறைந்த காலம். நேர்வரிசையில் நடந்த கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பது மாதிரி! கூடவே கிணற்றுக்குள் கருவி இறக்கி எடுக்கும் காமா கதிர் பதிவும் உதவும். களியில் காமா கதிர் வீசும் பொட்டாசியமும் தோரியமும் அதிகம். ஆகவே ஷேல் வந்தால் பொதுவாகக் கோடு ஏறும், மணல் வந்தால் இறங்கும்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்றால், கடல்சேற்றோடு புதைந்த உயிர்ப்பொருள் சூட்டில் வெந்துதான் எண்ணெயும் எரிவாயுவும் ஆகிறது. காவிரிப் படுகையில் அதற்குத் தாய்ப்பாறைகளாகக் கருதப்படுபவற்றில் ஆண்டிமடத்துக் களியும் சாத்தப்பாடியும் முக்கியமானவை.

இதே காலத்துக் கடலை நடந்தே போய்ப் பார்க்க ஆசையா? பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்ற ஊருக்குப் போங்கள். மழை அரித்த மொட்டைக் களிமேடுகள், வெயிலில் மின்னும் ஜிப்சம், அங்கங்கே அம்மோனைட், பெலம்னைட் என்ற அழிந்துபோன கணவாய் உறவினங்களின் புதைபடிவங்கள். தரைமேல் தெரியும் இந்தப் பாறைகளை 1862-லேயே நிலவியலாளர் பிளான்ஃபோர்டு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று குழுக்களாகப் பிரித்துவிட்டார். காரைக் களி ஊட்டத்தூர்க் குழுவில் சேரும்.

அப்படியானால் காரையும் சாத்தப்பாடியும் ஒன்றுதானே, எதற்கு இரண்டு பெயர் என்று கேட்கலாம். இரண்டும் இருக்கட்டும் என்பதே என் கட்சி. காரைக் களி, செனோமேனியனுக்கு அடுத்த டூரோனியன் காலத்துக்குள்ளும் நீள்கிறது. இரண்டின் வயதும் முழுக்கப் பொருந்தவில்லை. ஒன்றை வரையறுக்கும் மாதிரிப் பாறை தரையில் கிடக்கிறது, மற்றதன் மாதிரி கிணற்றுக்குள். காரையில் நீங்கள் கையில் எடுப்பது சாத்தப்பாடி ஷேல் அல்ல. அதே கடலின் மேற்கு ஓரத்துச் சேறு.