உளுந்தின் வேரில் ஓர் இளஞ்சிவப்பு முடிச்சு

(காட்சி: அறுவடை முடிந்த நெல் வயல், தாள்களுக்கு இடையே உளுந்துச் செடிகள்.)

காவிரிப் படுகையில் சம்பா, தாளடி நெல் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, ஈரம் காயாத வயலில் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். உழவில்லாமல், நெல் விட்டுச்சென்ற ஈரத்திலேயே அது வளர்ந்துவிடுகிறது. அதற்கு வேண்டிய தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், எங்கிருந்து வருகிறது?

(காட்சி: நீரில் அலசிய வேர், மிக அருகில்.)

முப்பது நாள் செடி ஒன்றை மண்ணோடு மெல்லப் பெயர்த்து அலசினால், வேரில் கடுகளவு முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான் என்றாலும், அதன் இரண்டு அணுக்களும் முப்பிணைப்பால் இறுகியிருப்பதால், எந்தச் செடியாலும் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபிய வகை பாக்டீரியாக்களே நைட்ரோஜினேஸ் என்ற நொதியால் அந்தப் பிணைப்பை அவிழ்த்து அம்மோனியாவாக மாற்றுகின்றன. அந்த நொதியோ ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். பாக்டீரியாவுக்கோ ஆக்சிஜன் வேண்டும். இந்த இக்கட்டைத் தீர்த்து, ஆக்சிஜனை அளந்து கொடுப்பது, நம் இரத்தத்து ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம். நாம் பார்த்த சிவப்பு அதனுடையதே. முடிச்சின் உள்ளே பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வேலை நின்றுவிட்டது என்று பொருள். காற்றின் நைட்ரஜனிலிருந்தே 1909இல் ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர் ஆய்வகத்தில் செய்துகாட்டிய அம்மோனியாத் தயாரிப்பு, ஆலைகளில் இன்றும் 400 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பத்தையும் கடும் அழுத்தத்தையும் கேட்கிறது. பாக்டீரியாவுக்கு வயல் மண்ணின் சூடே போதும் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

(காட்சி: இலை, மாடு, சாணம், மண்.)

அம்மோனியா செடியில் புரதமாகி, நம் உடலுக்கும் மாட்டின் உடலுக்கும் வருகிறது; சாணமும் சருகும் மட்கும்போது மண்ணுக்கே அம்மோனியமாகத் திரும்புகிறது. அதை நைட்ரோசோமோனாஸ் என்ற மண் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும், அந்த நைட்ரைட்டை நைட்ரோபாக்டர் என்ற பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன.

(காட்சி: நீர் நிற்கும் வயலில் யூரியா வீசுதல்.)

நெல் வயலில் இழப்பு நேர்வது இங்கேதான். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன் உண்டு. அதை நிற்கும் நீரில் வீசும்போது, ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகவே பறந்துவிடுகிறது. மற்றொரு பகுதி ஆக்சிஜன் உள்ள மெல்லிய மேல்மண்ணில் நைட்ரேட்டாகி, ஆக்சிஜனற்ற அடிச்சேற்றுக்கு இறங்கி, அங்குள்ள பாக்டீரியாக்களால் மீண்டும் நைட்ரஜன் வாயுவாகக் காற்றுக்கே போய்விடுகிறது. கூடவே சிறிதளவு வெளியேறும் நைட்ரஸ் ஆக்சைடு, நூறாண்டுக் கணக்கில், அதே எடை கரியமில வாயுவைப்போல் சுமார் 270 மடங்கு புவியைச் சூடாக்கும். விவசாயி காசு கொடுத்து வாங்கிய உரம் இது. நைட்ரேட்டாகும் வேகத்தைக் குறைப்பதற்காக, இந்தியாவில் தயாராகும் யூரியா முழுவதற்கும் 2015இல் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமாக்கப்பட்டது.

(காட்சி: உளுந்து அறுவடை.)

உளுந்து சேர்த்த நைட்ரஜனில் பெரும்பங்கு மணிகளோடு வீட்டுக்குப் போய்விடும். மிச்சம் வேரிலும் உதிர்ந்த இலையிலும் இருக்கிறது. செடியை வேரோடு பிடுங்காமல் அரிவாளால் அறுத்தெடுத்தால், அந்த வேர் அங்கேயே மட்கி அடுத்த நெல்லுக்குப் போய்ச் சேரும்.