பத்து வசனம் ஓதினால் போதுமா?
(பரங்கிப்பேட்டையில் மக்தப் (குர்ஆன் ஓதக் கற்கும் பள்ளி) பிள்ளைகளின் பெற்றோர் முன் ஆற்றிய உரை)

அஸ்ஸலாமு அலைக்கும்.

வளைகுடாவிலிருந்து போன் செய்யும் வாப்பா பிள்ளையிடம் கேட்பது, "குர்ஆனில் எத்தனை ஜுஸ்வு (பாகம்) முடிச்சே?" என்றுதான். நபித்தோழர்களிடம் ஓதிய அபூ அப்துர் ரஹ்மான் அஸ்ஸுலமீ அறிவிக்கும் முறை வேறு. பத்து வசனம் கற்றால், அதிலுள்ள அறிவையும் செயலையும் கைக்கொள்ளாமல் தோழர்கள் அடுத்த பத்துக்குப் போகமாட்டார்கள். நம் மக்தபில் வேகம் மட்டும் மிஞ்சியது, செயல் போய்விட்டது. எனக்கு இது பெரிய கவலை.

தொழுகையையே எடுங்கள். அபூதாவூத் என்ற நபிமொழித் தொகுப்பில் வரும் நபிமொழிப்படி ஏழு வயதில் தொழச் சொல்ல வேண்டும். கண்டிப்பு பத்து வயதில்தான். ஹிஜ்ரி (இஸ்லாமியச் சந்திர) ஆண்டுக்கு 354 நாள், நாளுக்கு ஐந்து வேளை: மூன்று ஆண்டில் 5,310 வேளை. அத்தனை தடவை அன்பாகக் கூப்பிட்டு, கூடவே நின்று தொழுத பிறகல்லவா கண்டிப்பு! இடைக்காலத்தை விட்டுவிட்டுப் பத்தில் பிரம்பெடுத்தால், பிள்ளை வாப்பாவுக்குப் பயந்து தொழும். அவர் விமானம் ஏறியதும் நிறுத்திவிடும்.

மக்தபின் ஒரு மணி நேரத்தில் 40 நிமிடம் ஓதட்டும். மீதி 20 நிமிடம் ஓதியதைப் பழகட்டும். சூரா (அத்தியாயம்) முதஃப்ஃபிஃபீன் ஓதும் வாரம் பிள்ளையை மீன் வாங்கக் கூட்டிப் போங்கள். அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, கொடுக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடு என்கிறது அதன் தொடக்கம். காலித் தட்டில் தராசு பூஜ்யம் காட்டுகிறதா, கூடையின் எடை கழிக்கப்பட்டதா என்று பிள்ளையே பார்க்கட்டும். விற்பவர் தவறிக் கூடுதலாகப் போட்டால் சொல்லித் திருப்பிக் கொடுப்பதும் அதே பாடம்தான். அங்கே பிள்ளை பார்ப்பது உங்கள் முகத்தை.

சூரா ஹுஜுராத்தின் ஆறாம் வசனம் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது. வாட்ஸ்அப்பில் வந்ததை அனுப்புமுன் மூன்று கேள்வி: யார் சொன்னது, எப்போது, நேரில் பார்த்தவரா? விடை தெரியாவிட்டால் அது அங்கேயே நிற்கட்டும். பெரியவர்கள் விடியற்காலையிலேயே பத்துக் குழுவுக்குத் தள்ளிவிடும் வீட்டில் இந்தப் பாடம் ஒட்டாது.

இமாம் கஸ்ஸாலி இஹ்யா என்ற தம் நூலில் நஃப்ஸோடு (தன் மனதோடு) காலையில் நிபந்தனை பேசவும், பகலில் கண்காணிக்கவும், இரவில் கணக்குப் பார்க்கவும் சொல்கிறார். இதை வகுப்பில் எல்லார் முன்னும் "இன்று என்ன தப்பு செய்தாய்?" என்று மாற்றிவிடாதீர்கள். குறையை மறைப்பது நம் மார்க்கத்தின் ஒழுக்கம். சபையில் ஒப்புக்கொள்ள வைக்கப்பட்ட பிள்ளை மறுநாள் பொய் சொல்லப் பழகும். குறிப்பேடு வைத்தால் அது பிள்ளையிடமே இருக்கட்டும். உஸ்தாத் (ஆசிரியர்) கையெழுத்து வேண்டாம், உம்மா திறந்து பார்க்கவும் வேண்டாம்.